மேற்குப் பாதி

கிளிஞ்சலைச் சூளையில் போடுவதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பலர் கழுவுவதில்லை. ஏரியில் அள்ளியதை அப்படியே கொட்டி எரித்துவிடுகிறார்கள். உப்புப் போகாத சுண்ணாம்பும் பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும். நாள்பட்டால்தான் அதன் குணம் தெரியும்.

நீங்கள் வந்தது, கடல் தாண்டிய இந்தப் பத்தாவியா ஊரில் கட்டப்போகும் புதுக் கிடங்கைப் பற்றிக் கேட்க. மேல்தளத்தை இரும்பு உத்தரங்கள் தாங்கப்போகின்றன, தீப்பிடித்தாலும் அவை நிற்கும்படி எதைப் பூசலாம் என்று துரை கேட்டுவரச் சொன்னாராம். நீங்கள் துபாஷி. நான் சொல்வதை எழுதிக்கொண்டு போய் அவர் மொழியில் அவருக்குச் சொல்லிவிடுவீர்கள். பொன்னேரிக்காரர் வேறு. இந்த ஊருக்கு வந்த பிறகு தமிழில் இத்தனை நேரம் நான் யாரோடும் உட்கார்ந்து பேசியதில்லை.

துரைக்கான பதில் சின்னதுதான். இரும்பின் மேல் எண்ணெய் படவே கூடாது. இரும்பைக் கல்லால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். தென்னை நாரைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் களிமண்ணும் உமியும், அதற்கும் மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பு. நான்கு விரல் கனம். இது போதும் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். எங்கே, எப்படி என்று சொன்னால் துரைக்கு நம்பிக்கை வரும் என்பதால் சொல்கிறேன்.

என் பெயர் கண்ணப்பன். பழவேற்காட்டில் சுண்ணாம்பு சுட்டுப் பூசுவது என் தொழில். ஒல்லாந்தர் கோட்டைக்கு வெளியே, ஏரியைப் பார்த்தபடி, நீளமான கிடங்கு ஒன்று இருந்தது. மாடியில் கப்பலுக்குப் போகும் துணி மூட்டைகள். கீழே, மழை பொய்த்த வருஷத்திலிருந்து, ஆட்கள். நெல் விளையும் ஊர்களிலிருந்து கஞ்சிக்காக வந்தவர்கள். கஞ்சி ஊற்றினார்கள். பிறகு, வெளியூருக்கு ஏற்றிப்போகக் கப்பல் வரும்வரை, உள்ளே வைத்துப் பூட்டினார்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. என்னைக் கேட்டு அவர்கள் அதைச் செய்யவில்லை.

அந்தக் கிடங்கின் பனை உத்தரங்களைக் கறையான் குடைந்துவிட்டது. முகத்துவாரத்தில் தரை தட்டி உடைந்த கப்பல் ஒன்றின் நங்கூரத் தண்டுகளையும் பட்டைகளையும் கொல்லர்கள் காய்ச்சி இணைத்து இரும்பு உத்தரம் செய்தார்கள். அதற்கு எதைப் பூசுவது என்ற பேச்சு அப்போது வந்தது.

என் மனைவி பவுனம்மாளின் தம்பி தருமன் படகுக்குப் பூசுகிறவன். மீன் எண்ணெயில் குங்கிலியத்தைப் போட்டுக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் பலகையில் தேய்ப்பான். அவன் கைபட்ட படகு அழுகியதாக யாரும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் எதற்கும் அதுதான் வைத்தியம். கதவானாலும் கொடிமரமானாலும் எண்ணெயும் குங்கிலியமும் தடவிவிடுவார்கள். ஏரியோரம் பிறந்தவர்களுக்குத் தண்ணீரும் உப்பும்தான் எதிரி. தீயைப் பற்றி அவர்கள் யோசிப்பதில்லை. இரும்புக்கும் அதையே தடவி, மேலே வெள்ளைக்குச் சுண்ணாம்பு அடித்தால் போதும் என்றான் தருமன்.

"இரும்ப வெறும் ஒடம்பா வுட்டுட்டு மேல சட்டை போட்டா இன்னா மாமா புண்ணியம்? இங்க அடிக்கிறது உப்புக் காத்து. உள்ளாற பூந்து தின்னுடும். படகுக்கு இன்னா பண்றமோ அதையே பண்ணு."

"படகு தண்ணியில கெடக்குது தருமா. வூடு அப்படியா? எரியும்."

"கூரை எரியும். இரும்பு எங்கனா எரிஞ்சி பாத்துக்கிறியா நீ?"

இரும்பு எரியாது. சிவந்தால் தளரும். தளர்ந்தால் மேலிருக்கும் பாரத்தைக் கீழே இறக்கிவிடும். சூளையில் வேலை செய்கிறவனுக்கு இது தெரியும், படகில் வேலை செய்கிறவனுக்குத் தெரியாது. அவன் மேல் தப்பில்லை. சொல்லிப் பயனில்லை, ஆகவே செய்து காட்டினேன். இரண்டு இரும்புக் கம்பிகள். ஒன்றில் அவன் பூச்சு, ஒன்றில் என்னுடையது. சூளை வாயில் குறுக்கே வைத்து, இரண்டிலும் ஒரே எடைக் கல்லைத் தொங்கவிட்டேன். அந்தக் கோட்டையின் துரையும் வந்து நின்றார். அவன் கம்பியில் சுண்ணாம்பு கொப்பளித்து, தோல் உரிவது போல உரிந்து விழுந்தது. உள்ளேயிருந்த எண்ணெய் பற்றிக்கொண்டது. கம்பி சிவந்து, வளைந்து, கல் விழுந்தது. என் கம்பி நின்றது.

தருமன் வளைந்த கம்பியைக் குச்சியால் தட்டிப் பார்த்தான். பிறகு சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை, அவன் எப்போதும் அப்படித்தான்.

"மாமா, அடுப்பாண்ட காட்ற வித்தைய வூட்டாண்ட காட்டு, ஒத்துக்கிறேன். சட்டி வெந்துச்சின்னா வூடும் வெந்துடுமா?"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

துரை நியாயமான மனிதர். தீ என்றைக்காவது வரும், வராமலும் போகும், துரு தினமும் வரும் என்றார். கிழக்குப் பாதியைத் தருமன் பூசட்டும், மேற்குப் பாதியை நான் பூசட்டும், ஒரு பருவம் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். கதவு கிழக்குக் கோடியில் இருந்தது. அதனால் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது தருமனின் பூச்சைத்தான்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் எங்கள் கிணறு வற்றிவிட்டது. குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது கிளிஞ்சலுக்கு யார் கொடுப்பார்கள்? ஏரியின் உப்புத் தண்ணீரிலேயே கழுவினேன். ஒரு பருவம் கழிந்ததும் மேற்குப் பாதி உத்தரங்களில் வெற்றிலை எச்சில் வழிந்தது போலத் துரு வழிந்தது. கிழக்குப் பாதி முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக இருந்தது. அது தண்ணீரின் குற்றம், பூச்சின் குற்றமல்ல. ஆனால் அதை எப்படிச் சொல்வது? கழுவியது நான்.

துரை அண்ணாந்து ஒரு பார்வைதான் பார்த்தார். கப்பல் வந்து மாடி மூட்டைகளை இறக்கியதும் மேற்குப் பாதியைச் சுரண்டிவிட்டு, அங்கேயும் தருமன் எண்ணெய் பூசட்டும் என்றார். கோட்டைக்குள் வெடிமருந்துக் கிடங்குக்கும் அதுவே. இனிமேல் கட்டுகிற எல்லாவற்றுக்கும் அதுவே.

அன்று தருமன் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். பஞ்ச காலத்திலும் அக்கா தம்பிக்கு மீனை எடுத்து வைத்திருந்தாள்.

"கோச்சிக்காத மாமா. சொரண்டற வேலைக்கு நீயும் வா. நீ பூசுனத சொரண்ட ஒன்னவுட்டா ஆள் யாரு?"

பவுனம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அவரு மூஞ்சியப் பாருடா, சுண்ணாம்புல கடுக்காத் தண்ணி ஊத்துன மாதிரி கருத்துப்போச்சி."

"சாப்பிடறவன சாப்பிடவுடு," என்றேன்.

இதற்காகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். வீட்டில் மைத்துனன் கேலி பேசுவது எல்லா ஊரிலும் உண்டு. நான் யோசித்தது வேறு. என் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டால், அது நிற்கும் என்பதை அதற்குப் பிறகு யாரும் பார்க்கப்போவதில்லை. எத்தனை கிடங்குகள், எத்தனை கோட்டைகள், எல்லாவற்றிலும் எண்ணெய் ஏறிவிடும். என்றைக்கோ ஒருநாள் அவை எரியும். அந்த நாளில் சாகப்போகிறவர்களை யார் நினைத்துப் பார்த்தார்கள்? நான் ஒருவன்தான் நினைத்தேன்.

கப்பல் வந்து முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது. மறுநாள் மூட்டை இறக்குவார்கள், ஆட்களையும் படகில் ஏற்றுவார்கள் என்று பேச்சு. மேற்குப் பாதியில் சில வெடிப்புகளை அடைக்கிறேன் என்று சொல்லி நான் உள்ளே போனேன். சுரண்டப்போகிற பூச்சை எதற்கு அடைக்கிறாய் என்று காவல்காரன் கேட்கவில்லை. என்னை அவன் தினமும் பார்க்கிறவன்.

உள்ளே ரங்கம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். திருப்பாலைவனம் பக்கம், பயிர் செய்கிற குடும்பம். புருஷன் வழியிலேயே இறந்துவிட்டானாம். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. கீழே உட்கார்ந்திருந்தவர்களில் அவள் ஒருத்திதான் என்னிடம் பேசுவாள். சுண்ணாம்புக் கூடையைத் தூக்கிக் கொடுப்பாள்.

"ஏன்யா, மேல இம்மாம் மூட்டைய ஏத்தி வெச்சிக்கிறாங்களே, தலையில வுழுந்துடாதா?"

"வுழாது."

"அந்தப் பக்கம் பளிச்சுனு கீது. இங்க துரு ஒழுவுது. எங்க படுத்தா புள்ளைக்குப் பத்திரம்?"

"இந்தப் பக்கம்."

"துரு ஒழுவுற பக்கமா?"

"ஆமா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ பூசுன பக்கமாக்கும்."

"நான் பூசுன பக்கம்தான். அதான் தெரியும்."

"அவனவன் வயல்ல வெளைஞ்ச நெல்லுதான் அவனவனுக்கு ஒசத்தி," என்று சிரித்தாள். "செரி, கைவேலைக்காரன் சொல்ற, கேட்டுக்கிறேன். கப்பல் போற ஊர்ல நெல்லு வெளையுமா?"

"தெரியாதும்மா."

"வெளையும். வெளையாத ஊருக்கு ஆள எதுக்கு இட்டுனு போறாங்க?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேற்குச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அவள் ஊர்க்காரர்களையும் கூப்பிட்டுக்கொண்டாள். கிழக்கே, கதவண்டை இருந்த பலர் எழுந்து வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் யாரையும் வற்புறுத்தவில்லை.

ஈரப் பூச்சு சீக்கிரம் காய நெருப்புச் சட்டி வைப்பது எங்கள் வழக்கம். அன்றும் ஒன்று கொண்டுபோயிருந்தேன். கிடங்கின் நடுவில், இரண்டு பாதியும் சேரும் இடத்தில், மூட்டை கட்டுவதற்கான ஓலைப் பாய்களும் கயிறும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. சட்டி அங்கே இருந்தது. நான் வெளியே வந்தேன். காவல்காரன் கதவைப் பூட்டிக்கொண்டு, வழக்கம்போலச் சாவியைக் கொடுக்கக் கோட்டை வாசலுக்குப் போனான்.

சட்டியை மறந்துவிட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இல்லை. பாய்க்குவியலை விலக்கி, உள்ளே வைத்து, திரும்ப மூடினேன். நடுவில் வைத்தால்தான் இரண்டு பூச்சுக்கும் ஒரே சூடு கிடைக்கும். என் பக்கத்துக்குத் தள்ளியும் வைக்கவில்லை, அவன் பக்கத்துக்குத் தள்ளியும் வைக்கவில்லை. அதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன்.

மறுநாள்வரை பொறுத்திருந்தால் ஆட்கள் படகேறியிருப்பார்கள், கிடங்கு காலியாக இருந்திருக்குமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. அதையும் யோசித்தேன். ஆனால் அதற்குள் மூட்டைகளும் போயிருக்கும். பாரம் இல்லாத உத்தரம் சிவந்தாலும் வளையாது. மேலே எடை இருந்தால்தான் எது தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று தெரியும். காலிக் கிடங்கை எரித்தால் அது வெறும் சேதம். கீழே ஆள் இருந்ததற்கும் நான் பார்க்க வேண்டியதற்கும் சம்பந்தமே இல்லை. மூட்டையும் ஆளும் ஒரே நாளில் போவதாக ஏற்பாடு. அந்த ஏற்பாடு என்னுடையதல்ல.

ஆட்களைப் பற்றி யோசிக்காமலும் இல்லை. கிழக்கே இருப்பவர்களுக்குக் கதவு இருந்தது. மேற்கே இருப்பவர்களுக்கு என் பூச்சு இருந்தது.

நான் ஏரிக்கரையில், கிளிஞ்சல் குவியலருகே போய் நின்றேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. சுவரின் உயரத்தில் இருந்த கம்பி போட்ட ஓட்டைகளில் முதலில் மெல்லிய புகை. பிறகு கறுப்பாக. உள்ளே சத்தம் கேட்டதும் காவல்காரன் சாவிக்கு ஓடினான். கோட்டை வாசல் கிட்டத்தில்தான், ஆனால் அங்கே நின்றவன் மேலே கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தான். கரையில் படகு பூசிக்கொண்டிருந்த தருமன் ஒரு கோணியை ஏரியில் முக்கிப் போர்த்துக்கொண்டு ஓடினான். கதவு திறந்ததும் முதலில் உள்ளே போனவன் அவன்தான். கிழக்குப் பாதியில் இருந்தவர்களை இழுத்து இழுத்து வெளியே போட்டான். நடுவில் இருந்த நெருப்பைச் சுற்றிச் சுவரோரமாக ஒரு வழி இருந்ததாம். "இந்தாண்ட வாங்க, சொவர புடிச்சினு வாங்க," என்று மேற்கே இருந்தவர்களைப் பார்த்து அவன் கத்திக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. சிலர் எழுந்து வரத் தொடங்கியதாகப் பிறகு சொன்னான்.

அப்போது கிழக்கு உத்தரங்கள் விழுந்தன. சூளை வாயில் பார்த்தது போலவேதான். சுண்ணாம்பு கொப்பளித்து உரிந்தது, எண்ணெய் சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டு விழுந்தது, இரும்பு தொய்ந்து மூட்டைகளோடு உட்கார்ந்தது. தருமனை யாரோ கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். கதவுக்கும் மேற்குப் பாதிக்கும் நடுவில் கூரை உயரத்துக்கு இரும்பும் எரிகிற துணியும் குவிந்து நின்றன.

மேற்குப் பாதி விழவில்லை. மூட்டைகள் மேலே அப்படியே இருந்தன. நான் சந்தோஷப்பட்டேன். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

விசாரணை நடந்தது. உள்ளே இருந்தவர்கள் யாரோ அடுப்பு மூட்டியிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். கிழக்கு ஏன் விழுந்தது என்று கேட்டபோது, சூளை வாயில் நான் காட்டியதைத் துரையே எடுத்துச் சொன்னார். எண்ணெய்தான் ஆளைக் கொன்றது என்று ஆயிற்று. எண்ணெய் தருமனுடையது. கைகள் இரண்டும் வெந்துபோயிருந்ததால் அவனுக்கு விலங்கை முழங்கைக்கு மேலே போட்டார்கள். என்னிடம் கேட்டார்கள். எண்ணெய் எரியும் என்று முன்பே சொன்னேன், அவன் கேட்கவில்லை என்றேன். அது உண்மை.

பவுனம்மாள் தம்பியின் கைகளுக்கு வாழையிலை வைத்துக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அடுப்பண்டை போய்ச் சுற்றிலும் தேடினாள்.

"நெருப்புச் சட்டி எங்க?"

"ஒடஞ்சிப்போச்சி."

"எங்க ஒடஞ்சிச்சி?"

நான் எழுந்து வெளியே போனேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் கப்பலேறும்போதும் கரைக்கு வரவில்லை. அவள் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் விசாரிப்பதுண்டு. யாருக்கும் தெரிவதில்லை.

என்னை அந்தத் துரை இங்கே அனுப்பினார், பூச்சுக்காக. தருமனும் அதே கப்பலில்தான் வந்தான், அடித்தளத்தில். கைப்புண் அழுகி, ஜுரத்தில் கிடந்தான். என்னைக் கூப்பிட்டான் என்று சொன்னதால் இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

"மாமா, நீ சொன்னத கேட்டிருக்கணும். நீ அடுப்பாண்டயே காட்டுன. நான்தான் சிரிச்சிட்டேன்."

"செரி வுடு."

"அந்தப் பொம்பள கையில கொழந்தையோட எந்திரிச்சி வந்துனு இருந்தா மாமா. நான்தான் கூப்டேன். என் எண்ணெதான் நடுவுல வுழுந்துச்சி. அக்காவாண்ட மூஞ்சி காட்ட முடியல. நீயாவது மன்னிச்சிடு."

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். அவன் அழுதான். பிறகு கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினான். கரை தெரிவதற்கு முன்பே அவன் உடலைக் கடலில் இறக்கிவிட்டார்கள். நல்ல பையன். பிடிவாதம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? துரைக்குத் தேவையானது இனிமேல்தான் வருகிறது.

தீ அடங்கிய மறுநாள், இடிந்ததைக் கொஞ்சம் விலக்கியதும், மேற்குப் பாதியைப் பார்த்துவரக் கோட்டைத் துரை என்னைத்தான் அனுப்பினார். உத்தரம் ஒன்றுகூடத் தொய்யவில்லை. பூச்சில் மயிரிழை வெடிப்புகள்தான், நார் தெரியும் அளவுக்குக்கூட இல்லை. கையை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. அவர்கள் சுவரோரம் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். எழுந்து வந்தவர்களும் திரும்பப் போய் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ரங்கம்மாள் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடி மடியில் வைத்திருந்தாள். முந்தானையை விலக்கிப் பார்த்தேன். மூக்கைச் சுற்றிக் கொஞ்சம் புகைக்கரி, அவ்வளவுதான். தலைமயிர்கூடக் கருகவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்தேன். யார் உடம்பிலும் ஒரு கொப்புளம் இல்லை.

பத்திரமான பக்கம் எது என்று அவள் கேட்டாள், நான் சரியாகத்தான் சொன்னேன். இதைத் துரையிடம் தெளிவாகச் சொல்லுங்கள். நான் பூசிய பாதியில் ஒருவர்கூட நெருப்பில் சாகவில்லை.